குழவிக்கல்லும் புளிச்ச கோஸும்

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் அம்மிக் குழவியைக் காணோம். அம்மா அடுப்படியில் தேடினார், கொல்லையில் தேடினார், கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தும் பார்த்துவிட்டார். மிக்ஸி இருக்கிறது. ஆனால் கருவாட்டுக் குழம்புக்கு மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைபட்டால்தான் அவருக்கு அது குழம்பு. "கல்லத் திருடுற காலமும் வந்துருச்சா?" என்று வாசலில் நின்று கேட்டார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குழவி, பெரிய ஊறுகாய் ஜாடிக்குள், ஐந்து கிலோ முட்டைக்கோஸின் தலைமேல் நட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

"அது மேல எதுக்குடா குழவிய வச்ச? கோசு எந்திரிச்சு ஓடிருமா?"

"மிதக்கும்மா. தண்ணிக்கு மேல வந்துச்சுன்னா பூசணம் புடிச்சிரும்."

"கப்பலுக்குப் போயி சம்பாதிச்சிட்டு வருவேன்னு பாத்தா, கோசுக்குக் காவல் காக்கப் படிச்சிட்டு வந்திருக்கான்."

அதுவும் உண்மைதான். 1994-இல் மெஸ்மேனாகக் கப்பல் ஏறினேன். சாப்பாடு பரிமாறுவது, தட்டு கழுவுவது, அதிகாரிகளின் அறை துடைப்பது. ஏழு வருடம் கழித்துப் பண்டாரி ஆனேன். கப்பலில் சமையல்காரனை நம் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். 2019-இல் முழங்கால் போதும் என்று சொன்னது, தங்கச்சிமடத்துக்குத் திரும்பிவிட்டேன். இங்கே அண்ணன் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. நான் ஏன் பன்றிக்கறியையும் புளித்த முட்டைக்கோஸையும் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதன்முதலில் அதைச் சாப்பிட்டது 1996 பிப்ரவரியில், ஹாம்பர்க் துறைமுகத்தில். எல்பே ஆற்றில் பனிக்கட்டிப் பாளங்கள் கப்பலின் வயிற்றில் உரசிக்கொண்டு போகும் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். ராமேஸ்வரம் தீவில் பிறந்தவனுக்கு ஆறு உறைவதே அதிசயம். அதுவும் கப்பல் ஓடுகிற ஆறு. எங்கள் சீஃப் இன்ஜினியர் பிரெமன் ஊர்க்காரர், பேசவே காசு கேட்கிற ஆள். அன்றைக்குப் பண்டாரியாக இருந்த போலந்துக்காரர் பெரிய அண்டாவில் பன்றியின் தோள் கறியையும் சவர்கிரவுட் என்கிற புளித்த முட்டைக்கோஸையும் காலையிலேயே ஏற்றிவிட்டுச் சின்னத் தீயில் விட்டுவிட்டார். மதியம் வரை கிளறக்கூட இல்லை. மூடியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. பழைய சோற்றுப் பானையும் கறிக்குழம்பும் ஒரே அறையில் இருந்தால் வருமே, அது. எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இன்ஜினியர் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு மிச்சம் இருந்தால் இதைவிட நன்றாக இருக்கும் என்றார். முந்தின நாள் மீன்குழம்பைப் பற்றி எங்கள் அம்மா சொல்வது அதேதான்.

சவர் என்றால் ஜெர்மன் மொழியில் புளிப்பு. கிரவுட் என்றால் கீரை, இலை. எங்கள் வீட்டில் இப்போது அதற்குப் 'புளிச்ச கோஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஜெர்மனிக்காரர்கள் மட்டுமல்ல, போலந்திலும் செக் நாட்டிலும் பிரான்ஸின் அல்சாஸ் பக்கத்திலும் பன்றிக்கு இதுதான் ஜோடி. காரணம் எளிது. பன்றிக்கறியின் கொழுப்பு நாக்கில் படிந்துகொள்ளும். அதை அறுக்க ஒரு புளிப்பு வேண்டும். நாம் மத்தி மீனுக்குப் புளி கரைத்து ஊற்றுவதும் அதற்குத்தான்.

ஆனால் புளியும் வினிகரும் வெளியிலிருந்து ஊற்றுவது. இது கோஸுக்குள்ளேயே விளைவது. வீடியோவில் முட்டைக்கோஸை வினிகரில் வதக்கிவிட்டுச் சவர்கிரவுட் ரெடி என்கிறார்கள். அது வினிகரில் வதக்கிய முட்டைக்கோஸ். அவ்வளவுதான்.

செய்வது ஒன்றும் வித்தையில்லை. கோஸை மெல்லிசாக அரிய வேண்டும், உப்புப் போட்டுப் பிசைய வேண்டும், தானே விடுகிற தண்ணீரிலேயே முழுகவைத்து மூட வேண்டும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். உப்பு கிலோவுக்கு 20 கிராம் என்பது அந்த ஊர்க் கணக்கு. நம் சூட்டுக்கு நான் 25 போடுகிறேன். உப்புக்கு எங்கே போவது என்ற கவலை நம் மாவட்டத்தில் கிடையாது. வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பையே எடுத்து இடித்துக்கொள்வேன். மேலே கோஸின் வெளி இலைகளை விரித்து, அதன்மேல் ஒரு பீங்கான் தட்டு, தட்டின்மேல் கனம். மூன்றாம் நாள் குமிழி விடும். அதற்குப் பிறகு ஜாடியோடு நமக்கு வேலையில்லை. வாயை மட்டும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான். கோஸில் முதலில் வேலையைத் தொடங்குகிற நுண்ணுயிருக்கு லூக்கோனாஸ்டாக் என்று பெயர். நம் இட்லி மாவைப் பொங்க வைக்கிறதும் அதுவேதான். கோஸில் இது கொஞ்சம் புளிப்பைக் கிளப்பிவிட்டு ஒதுங்கும். பின்னால் லாக்டோபேசில்லஸ் வகையறா வந்து புளிப்பை ஏற்றி முடிக்கும். இந்த வரிசை ஒழுங்காக நடக்க 18 முதல் 22 டிகிரி வேண்டும். இங்கேதான் ராமநாதபுரம் கடற்கரை குறுக்கே படுத்துக்கொள்கிறது. ஊர் திரும்பிய முதல் வருடம், அவசரக்குடுக்கையாக மே மாதத்தில் போட்டேன். அடுப்படியில் 34 டிகிரி. (கப்பலில் வைத்திருந்த வெப்பமானி இன்னும் என்னிடம் இருக்கிறது.) முதல் ஆள் சட்டையை மாட்டுவதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். நாலாம் நாள் ஜாடியைத் திறந்தால் கோஸ் கொழகொழ என்று, வாழைத்தண்டு அழுகின மாதிரி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்.

அதிலிருந்து எனக்கு மார்கழிதான் கோஸ் மாதம். அப்போதும் வீட்டுக்குள் 26, 27-க்குக் கீழே இறங்காது. தண்ணீர்ப் பானை வைக்கிற மணல் திட்டில் குழி பறித்து, ஜாடியைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டிவிடுவேன். சாக்கு காயக்காய ஜாடி குளிரும். பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் அதுதானே காரணம். காலையும் மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படிச் செய்தால் 23-இல் நிற்கிறது. பத்து நாளில் சாப்பிடலாம், பதினைந்து நாளில் நன்றாக இருக்கும். வாடைக்காற்றும் கைகொடுக்க வேண்டும்.

குழவி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருடம் கனத்துக்கு வேறு கல் வைத்திருந்தேன். எங்கள் பழைய வீட்டுச் சுவர் பவளக்கல்லில் கட்டியது. இந்தத் தீவில் பழைய வீடுகள் பலதும் அப்படித்தான். இப்போது கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். சுவரை இடித்தபோது கிடந்த ஒரு துண்டு கைக்கு அடக்கமாக, துளைத்துளையாக அழகாக இருந்தது. கழுவி, கொதிக்கவைத்து, கோஸின்மேல் வைத்தேன். இரண்டு நாளில் ஜாடி நுரை கக்கியது. அடேங்கப்பா, இந்த முறை பிரமாதமாகப் புளிக்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்தாம் நாள் எடுத்துத் தின்றால் புளிப்பே இல்லை. சப்பென்று, சுண்ணாம்புத் தண்ணீர் வாடை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பவளக்கல் என்பதே சுண்ணாம்பு. கோஸ் விடுகிற புளிப்பையெல்லாம் அது தின்று நுரையாகக் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடற்கரைக்காரர்கள் யாராவது செய்து பார்க்க நினைத்தால் கிளிஞ்சல், பவளம், சுண்ணாம்புக்கல் எதுவும் கூடாது. கருங்கல்தான். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல கருங்கல் குழவி.

இனி கறி.

எட்டு மணி நேரம் சின்னத் தீ என்றால் அதற்கென்றே ஒரு மின்சாரப் பானை உண்டு, ஸ்லோ குக்கர். 2012-இல் ஹாம்பர்க்கில் வாங்கினேன். சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துபோகும்போது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிர்சீட்டு அம்மா ஏதோ சாமி சிலை என்று நினைத்து ஒருமுறை கும்பிட்டார். இந்தப் பானைக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் கறியும் போட்ட பானையை ரொட்டி அடுப்பில் வைத்துவிட்டு, ஓய்வு நாளில் அடுப்புப் பற்றவைக்காமல் மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அதை அம்மா சொல்லக் கேட்ட மகன் செய்த யந்திரம். 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்து ஊரெல்லாம் பரவியது. பன்றியைத் தொடாதவர்களின் சமையலிலிருந்து பிறந்த பானையில் பன்றியும் கோஸும் வேகிறது பாருங்கள்.

ஆனால் அந்தப் பானைக்கு எட்டு மணி நேரம் விடாமல் கரண்ட் வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒன்றரைக் கிலோ கறியைப் போட்டுவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போனோம். திரும்பி வந்து படுத்துவிட்டோம். காலையில் பானையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. ராத்திரி எப்போதோ கரண்ட் போய், விடிகாலையில் வந்திருக்கிறது. திருகு வைத்த பானை. கரண்ட் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். எத்தனை மணி நேரம் கறி அரைச்சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கப்பலில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்த கறி மணிக்கணக்கில் கிடக்கக் கூடாது. திரும்பக் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்டுவைத்த நஞ்சு போகாது. அண்ணன் "கொதிக்க வச்சா சரியாப் போயிரும்டா" என்றார். நான் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு முட்டைக் குழம்பு.

மனைவி அதிலிருந்து குக்கர் கட்சி. "எனக்கு விசில்தான் கடிகாரம். கரண்ட் போனா என்ன, வந்தா என்ன?" என்பார். நியாயம்தான். பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பான் 1679-இலேயே லண்டனில் மூடி இறுக்கிய பானையில் எலும்பை மெத்தென்று வேகவைத்துக் காட்டிவிட்டார். நம் குக்கரில் வெயிட் தூக்குகிறபோது உள்ளே 120 டிகிரி இருக்கும். சாதாரணப் பானையில் நூறைத் தாண்டாது. மூன்று மணி நேர வேலை முப்பது நிமிஷத்தில் முடியும்.

முதல் தடவை அவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆறு விசில் விட்டார். பழக்க தோஷத்தில் ஒரு கை உப்பும் போட்டார். அது அலுமினியக் குக்கர். திறந்தபோது கறி பஞ்சுபோல வெந்திருந்தது. கோஸ் பழுப்பாகத் துவண்டு கந்தக வாடை. உப்பு கடல் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே, வாயில் வைத்தால் காசைச் சப்பினது மாதிரி. கழுவும்போது அவர் சந்தோஷமாகக் கூப்பிட்டுக் காட்டினார். வருஷக்கணக்காகக் கறுத்துக் கிடந்த குக்கரின் உள்பக்கம் கடையில் வாங்கின அன்றைக்குப் போலப் பளபளவென்று இருந்தது.

"பாத்தீங்களா, உங்க கோஸுல ஒரு பிரயோசனம் இருக்கு."

"அந்தக் கறுப்பெல்லாம் எங்க போச்சு?"

யோசித்தார். சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் எவர்சில்வர் குக்கர் வந்தது.

இரண்டு பேரும் நாலைந்து தடவை சண்டை போட்டபின் வந்து சேர்ந்த வழி இது. கறி குக்கருக்கு, கோஸ் மண்சட்டிக்கு. கறியை அவசரப்படுத்தலாம், அது கோபித்துக்கொள்ளாது. பதினைந்து நாள் ஜாடியில் இருந்துவிட்டு வந்த கோஸைக் கடைசி ஒரு மணி நேரத்தில் விரட்டினால்தான் கெட்டுப்போகிறது.

இந்தப் புத்தாண்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன். கறி, மண்டபம் தாண்டி ஒரு தோப்பில் வெண்பன்றி வெட்டுகிறவரிடம் வாங்கினேன். தோள் பகுதி, வாரோடு (தோலோடு ஒட்டின கொழுப்பு), ஒன்றரைக் கிலோ. தொடை வேண்டாம், நார் நாராகக் காய்ந்துவிடும். தோளில்தான் சவ்வு நிறைய. அந்தச் சவ்வு உருகித்தான் சாற்றுக்கு ஒரு பிசுக்கு வரும். உள்ளங்கை அளவுத் துண்டுகள். எண்ணெய் ஊற்றாமல் எவர்சில்வர் குக்கரில் வார்ப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, அதன் கொழுப்பிலேயே நன்றாகச் சிவக்க விட்டேன். பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு ஒரு கை, ஒன்றிரண்டாகத் தட்டின மிளகு, பிரிஞ்சி இலை இரண்டு. ஜெர்மனியில் கேரவே என்று ஒரு விதை போடுவார்கள். பார்க்கச் சீரகம் மாதிரி, வாசம் சோம்புக்கும் ஓமத்துக்கும் நடுவில். நான் சீரகம் அரை ஸ்பூனும் சோம்பு கால் ஸ்பூனும் போடுகிறேன். அதே வாசம் இல்லை, ஆனால் உறவுக்கார வாசம். ஒரு டம்ளர் தண்ணீர். உப்பு இல்லை. மறுபடி சொல்கிறேன், உப்பு இல்லை. ஒரு விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்து முப்பது நிமிஷம், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை தொடாமல் விட வேண்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் கறி விறைத்துக்கொள்கிறது. பன்றியை அரைவேக்காட்டில் எடுப்பது எந்த நாட்டு முறையாக இருந்தாலும் நம் வீட்டில் வேண்டாம். நாடாப்புழு சமாச்சாரம் விளையாட்டில்லை. குக்கரில் அந்தப் பயம் இல்லை.

மேலே மிதக்கிற கொழுப்பில் பாதியை அள்ளி எடுத்துவிட்டேன். கோஸ் எண்ணூறு கிராம், லேசாகப் பிழிந்தது. பிழிந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, கடைசியில் புளிப்புப் போதவில்லை என்றால் அதுதான் மருந்து. மண்சட்டியில் கோஸ் ஒரு வரிசை, கறி ஒரு வரிசை, நடுவில் ஓர் ஆப்பிள் சீவிப் போட்டு, கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டி, மேலே மறுபடி கோஸ், குக்கரில் இருந்த சாறு. மீன் சட்டியைத் தொடவிடவில்லை அம்மா. இதற்கென்று தனிச் சட்டி. கொல்லையில் மூன்று கல் கூட்டிச் சீமைக்கருவேலங்கரி. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிக் கெடுத்தது என்று நம் மாவட்டமே திட்டுகிற மரம், ஆனால் அதன் கரி மாதிரி நின்று எரிகிற கரியை நான் எந்தத் துறைமுகத்திலும் பார்த்ததில்லை. சட்டிக்குக் கீழே கொஞ்சம், மூடியின்மேல் கொஞ்சம். ஒன்றேகால் மணி நேரம். உள்ளே கொதிக்கக் கூடாது, எப்போதாவது ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்க வேண்டும்.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பச்சையாக இந்தச் சட்டியில் போட்டால் விடிய விடிய வைத்தாலும் கல்தான். புளிப்பில் கிழங்கு வேகாது. புளி ஊற்றியபின் காய் போட்டால் வேகாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதே கணக்கு. தனியே அவித்துக் கடைசியில் போட வேண்டும்.

கொல்லையில் சமைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடக்குப் பக்கத்து வீடு பாய் வீடு. மூன்று தலைமுறைப் பழக்கம். நான் இதைச் சமைக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை, அதனாலேயே நான் பார்த்து நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மார்கழியில் காற்று வடக்கே இருந்து வருவதால் புகை எல்லாம் தெற்குச் சுவர் தாண்டி மல்லிகைப் பதியன் போட்டிருக்கிற தோட்டத்துக்குப் போய்விடும். இந்த வருடம் எங்கள் தெரு மல்லிகை எந்த ஊருக்குப் போய் எப்படி மணந்ததோ. கோஸையும் இரண்டு ஜாடியாகப் பிரித்து வைத்தேன். ஒன்றில் கறிக்கரண்டி படவே படாது. பாய் வீட்டுப் பெரியம்மா ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, "அது என்னத்தம்பி, மணல்ல பொதையல் வச்சிருக்கீக?" என்று கேட்டார். சொன்னேன். சுத்தமான ஜாடியிலிருந்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே நாலு வட்டலப்பத் துண்டோடு. கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாராம், இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கலாமாம்.

அம்மாவைச் சாப்பிட வைத்ததுதான் பெரிய பாடு. அதற்கு நான் ஆங்கிலேயக் கடற்பயணி கேப்டன் குக்கிடம் ஒரு யோசனை கடன் வாங்கினேன். 1768-இல் எண்டவர் கப்பலில் கிளம்பும்போது குக் பீப்பாய் பீப்பாயாகச் சவர்கிரவுட் ஏற்றிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் பச்சைக் காய்கறி இல்லாமல் போனால் ஈறு வீங்கிப் பல் ஆடி ஆள் சாகிற ஸ்கர்வி நோய் அன்றைக்குக் கப்பல்காரர்களின் எமன். அதைத் தடுக்கத்தான் இந்தக் கோஸ். மாலுமிகளோ கோஸைத் தொட மறுத்தார்கள். குக் யாரையும் வற்புறுத்தவில்லை. அதிகாரிகள் மேஜையில் தினமும் பரிமாறச் சொன்னார், மாலுமிகளிடம் உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. பெரியவர்கள் தின்கிறார்கள் என்றால் அது நல்ல பொருளாகத்தான் இருக்க வேண்டும்.

நானும் அப்படியே. பழைய சோறு, சின்ன வெங்காயம், ஒரு பிடி கோஸ். அம்மா எதிரில் உட்கார்ந்து, கேட்காமல், ருசித்துச் சாப்பிட்டேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மூன்றாம் நாள்:

"ஏண்டா, பெத்தவ ஒருத்தி இருக்கேன், ஒரு வாய் வேணுமான்னு கேக்க மாட்டியா?"

கொடுத்தேன். மென்றார். "ஊறுகாயும் இல்ல, பொரியலும் இல்ல" என்றார். தட்டை மறுபடி நீட்டினார். கறியை மட்டும் இன்றைக்கு வரை தொடவில்லை. பல்லுக்கு ஆகாது என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஜனவரி 1 மதியம் எல்லாரும் உட்கார்ந்தோம். மனைவி சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கறி வெந்தது என் குக்கர்ல" என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். மறுக்கவில்லை. சாற்றின் ருசி சட்டியில் வந்தது என்று நான் சொன்னதை அவரும் மறுக்கவில்லை. பிலடெல்பியாவில் ஒருமுறை மாலுமிகள் தங்குகிற இல்லத்தில் கேட்ட கதையை அண்ணனுக்குச் சொன்னேன். பென்சில்வேனியாவில் குடியேறின ஜெர்மானியர் வம்சத்தார் புத்தாண்டன்று கட்டாயம் பன்றியும் சவர்கிரவுட்டும் சாப்பிடுவார்கள். கோழி காலால் பின்பக்கம் கிளறும், அதனால் அன்றைக்கு ஆகாது. பன்றி மூக்கால் முன்பக்கமாகக் கிண்டிக்கொண்டே போகும், அதனால் வருஷம் முன்னேறும்.

அண்ணன் கறியை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நண்டு திங்கிறவன் கதி?"

மதினிக்குப் புரை ஏறிவிட்டது. அவர்தான் அன்றைக்குத் தூக்குச்சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்.

குழவி இப்போது அம்மியில். மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தும் மிளகாய் அரைத்தால் புளிக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒன்றரை ஜாடி மிச்சம் இருக்கிறது. நெத்திலியைப் பொரித்து மேலே போட்டால் எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்கிறார். சனிக்கிழமை நெத்திலி வந்தால் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.